பழைய ஜீப்பின் தண்ணீர்த் தொட்டி

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில் என் தமக்கை குடும்பம் வாழ்ந்து வருகிறது. பூண்டும் உருளைக்கிழங்கும் அவர்கள் பயிர். பல ஆண்டுகளுக்கு முன்னர், பழையதாகவே விலைக்கு வாங்கிய மகிந்திரா டீசல் ஜீப் ஒன்று அவர்கள் வாகனம். காட்டிலிருந்து மூட்டை இறக்குவதும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதும், அகால வேளையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஆஸ்பத்திரிக்குச் சேர்ப்பதும் அந்த வண்டியேதான். அத்தான் அதனை வீட்டில் ஒருவரைப் போலவே பாவித்து வந்தார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் இரவு அக்காள் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, மருமகன் கையை வேகவைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அந்த வண்டியை நாளைக்கே எடைக்குப் போட்டுவிடச் சொல்லு உன் அத்தானிடம்" என்றாள். நான் தொழிற்பயிற்சிப் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால், வண்டி தொடர்பான வழக்கெல்லாம் கடைசியில் என்னிடமே தீர்ப்புக்கு வரும். மறுநாள் பேருந்து ஏறினேன்.

நடந்தது இதுதான். மருமகன் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கியிருக்கிறான். பூண்டு நல்ல விலைக்குப் போயிற்று. திரும்பும்போது மலைப்பாதையில் பாதி ஏறியதும் உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியை ஓரங்கட்டி, முன்மூடியைத் தூக்கிப் பார்த்தான். ரேடியேட்டரின் ஓரத்திலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், சாக்கு ஒன்றை நனைத்து மூடியின்மேல் போட்டுத் திருகினான். மூடி பறந்தது. கொதிநீர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பாய்ந்தது.

"மாமா, சாக்கை நனைத்துத்தானே பிடித்தேன்?" என்று கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான். இந்தக் கேள்வியை வண்டி வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும். ஏனெனில் நனைத்த சாக்கு என்பது நம் ஓட்டுநர்களிடையே வேதவாக்காக நிலவுகிறது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. மலையில் பருப்பு வேகத் தாமதமாவதும் இதனாலேயே. 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும். என்ஜினோ 80 பாகையை ஒட்டி வேலை செய்வதற்கென்று அமைந்தது. இடைவெளி மிகக் குறுகியது. இதனை ஈடுகட்டத்தான் ரேடியேட்டர் மூடியில் வில்லும் வால்வும் வைத்திருக்கிறார்கள். 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையை ஏறக்குறைய 12 பாகை உயர்த்திவிடுகிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் தத்துவமும் இதுவே. குக்கரில் ஆவி இறங்குமுன் மூடியைத் திறக்க எந்தத் தாயும் துணியமாட்டாள். ஆனால் அவள் மகன் ஜீப்பின் மூடியைத் திறந்துவிடுகிறான்! மூடி விலகிய நொடியில் அழுத்தம் இல்லாமற்போகிறது. கொதிக்காமல் அடங்கியிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே கணத்தில் கொதித்தெழுந்து வெளியே பாய்கிறது. சாக்கு அதைத் தடுக்காது. நனைந்த துணி சூட்டை விரைவாகக் கடத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மேல் ரப்பர்க் குழாயைக் கையால் அமுக்கிப் பார்த்து, அது குளிர்ந்து, தளர்ந்து இருந்தாலன்றி மூடியைத் தொடலாகாது. அரைமணி நேரம், சில வேளை அதற்கு மேலும் பொறுக்க வேண்டும். முள் ஏறுவதைக் கண்டவுடன் என்ன செய்வது என்றும் பலர் கேட்பதுண்டு. பேன் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் பெருமளவில் ஒழுகினாலோ உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். அப்படியில்லாமல் ஏற்றத்தின் பளுவினால் மட்டும் சூடேறியிருந்தால், வண்டியை நிறுத்தி, என்ஜினைச் சிறிது நேரம் மெதுவாக ஓடவிடலாம். விசிறியும் தண்ணீர்ப் பம்பும் சூட்டை இறக்கிவிடும். குளிர்ந்த தண்ணீரைச் சூடான என்ஜினுக்குள் கொட்டுவதோ பெருந்தவறு. வார்ப்பிரும்பு விரிசல் கண்டால் அது ரேடியேட்டர் செலவோடு நிற்காது.

கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழியில் வந்த யாரோ ஒருவர் பற்பசை பூசியிருக்கிறார். வெந்த புண்ணுக்குப் பற்பசை, மை, மாவு, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் கையைப் பிடித்திருப்பதே முதலுதவி. பனிக்கட்டியும் கூடாது. மோதிரம், கடிகாரம் முதலியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். அதன்பின் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் போகலாம். மலைப்பாதையில் தண்ணீருக்கு எங்கே போவது என்பீர்கள். வண்டியில் எப்போதும் ஒரு கேன் தண்ணீர் இருக்க வேண்டும். அது ரேடியேட்டருக்கு மட்டுமன்று.

இனி வண்டிக்கு வருவோம்.

அத்தான் முற்றத்தில் ஜீப்பின் அருகே நின்றுகொண்டிருந்தார். "மூன்று தடவை பற்றவைத்தாயிற்று மாப்பிள்ளை. அதே இடத்தில் மூன்று தடவையும் விட்டுவிட்டது. பட்டறைக்காரர் புதிது போடச் சொல்கிறார். அக்காள் வண்டியே வேண்டாம் என்கிறாள்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாயிருந்தது. மகனுடைய கைக்குத் தாமே காரணம் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை பற்றவைத்தது இரண்டு மாதத்திற்கு முன்புதான். அதன்பின் தினந்தோறும் ஒரு செம்பு தண்ணீர் குறைவதை அவர் கண்டிருந்தும், பூண்டு விற்று முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார்.

இத்தகைய பழைய ஜீப்புகளின் ரேடியேட்டர் அமைப்பு எளிமையானது. மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒரு பித்தளைத் தொட்டி. இரண்டையும் இணைத்து நூற்றுக்கணக்கான தட்டையான மெல்லிய குழாய்கள். குழாய்களுக்கு இடையே செம்புத் தகடுகள். சூடான தண்ணீர் மேல் தொட்டிக்கு வந்து, குழாய்கள் வழியே இறங்கும்போது, விசிறி இழுக்கும் காற்றுக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டுக் கீழ்த் தொட்டியை அடைகிறது. இவை யாவும் ஈயப்பற்றினால் ஒட்டப்பட்டவை. முன்காலத்தில் தெருவுக்குத் தெரு வந்து, துருத்தி ஊதி, நவச்சாரம் தூவி, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவரை வயதான தாய்மார்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர் பூசியது வெள்ளீயம்; உணவுக்கு ஊறில்லாதது. ரேடியேட்டர் பட்டறையில் உருக்குவதோ வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. காரீயம் நஞ்சு. ஆதலால் இந்த வேலையை அடுப்படியிலோ, குழந்தைகள் விளையாடும் திண்ணையிலோ செய்யக் கூடாது. செய்தவர் கையைக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கவும் கூடாது.

கசிவு எங்கே என்று அறிய ஈரத்தைத் தேடிப் பயனில்லை. சூட்டில் ஈரம் உலர்ந்துவிடும். காய்ந்த கறையைத் தேட வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிந்து, மேலிருந்து கீழாக வழிந்த கோடு தெரியும். கோட்டின் மேல்நுனியே குற்றவாளி. சில வேளைகளில் ரேடியேட்டர் நிரபராதியாக இருக்கும். ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்திருக்கலாம். தண்ணீர்ப் பம்பின் அச்சில் கசிவு இருக்கலாம். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கலாம். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால், என்ஜின் குளிர்ந்திருக்கையில் மூடியைத் திறந்து வைத்து ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் ஓயாமல் வந்தாலும், என்ஜின் எண்ணெய் மோர் கலந்தாற்போல் வெளுத்திருந்தாலும், ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று சந்தேகிக்க வேண்டும். அப்போது ரேடியேட்டருக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையை விட்டுவிட்டு மூடியை மாற்றுவது போலாகும்.

எங்கள் ஜீப்பில் அப்படி ஏதுமில்லை. மேல் தொட்டியும் குழாய்த் தட்டும் சேரும் மடிப்பில், இடது மூலையில், விரற்கடை நீளத்திற்கு வெடிப்பு. மூன்று முறை பற்றவைத்த ஈயம் அங்கே மெழுகுபோல் குவிந்து கிடந்தது.

அத்தானிடம் வேறொன்றும் கேட்டேன். "இடையில் மஞ்சள் தூள் போட்டீர்களா?" சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சாலையில் நிற்கும் ஓட்டுநர்கள் மஞ்சள் தூளை ரேடியேட்டரில் கொட்டுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். அது வெறும் மூடநம்பிக்கை அன்று. தூள் தண்ணீரில் ஊறி, கசிவை நோக்கி ஓடும் நீரோடு சென்று ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு எது கசிவு, எது குழாய் என்று பார்க்கத் தெரியாது. குறுகிய குழாய்களையும் அது அடைக்கும். கடையில் விற்கும் கசிவு அடைப்பான்களும் பெரும்பாலும் இந்த வகையே. வீடு வந்து சேர அது உதவலாம். வந்து சேர்ந்த மறுநாள் கழுவி வெளியேற்றிவிட வேண்டும். அத்தானின் ரேடியேட்டரில் அது ஒரு மழைக்காலம் முழுவதும் குடியிருந்தது.

கழற்றினோம். என்ஜின் முற்றிலும் குளிர்ந்தபின், கீழே உள்ள வடிகுழாயைத் திறந்து தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்தோம். அது காவி நிறமாய் வந்தது. தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றுகிறவர்கள் இவ்விடத்தில் மிகக் கவனமாயிருக்க வேண்டும். அது இனிப்புச் சுவையுடையது, ஆனால் கொடிய நஞ்சு. தரையில் ஓடவிட்டால் நாயும் கோழியும் நக்கும்; குழந்தையும் தொடும். பின்னர் மேலும் கீழும் உள்ள ரப்பர்க் குழாய்களை அகற்றி, விசிறியை மறைக்கும் தகட்டை எடுத்து, ரேடியேட்டரைச் சட்டத்தோடு பிணைத்த போல்ட்டுகளைக் கழற்றினோம். குழாய் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் இழுத்துப் பறிக்காதீர்கள். பித்தளைக் கழுத்து வளைந்துவிடும். ரப்பரைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதியது போடுவதே சிக்கனம்.

போல்ட்டைக் கழற்றும்போதுதான் மூன்று முறையும் பற்று விட்டதன் காரணம் என் கையில் அகப்பட்டது. ரேடியேட்டருக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் மெத்தைகளில், இடப்புறத்தது முற்றிலும் இல்லை. வலப்புறத்தது கல்லாய் இறுகி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. எப்போதோ யாரோ இடப்புறத்தில் இரும்பு வாஷர்கள் இரண்டைப் போட்டு இறுக முறுக்கியிருக்கிறார்கள். ஜீப்பின் சட்டம் ஏணி போன்றது. மேடு பள்ளத்தில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது அந்த ஏணி முறுக்கிக்கொள்ளும். அவ்வாறு முறுக்கிக்கொள்வதுதான் அதன் பலம். ரப்பர் மெத்தை இருந்தால் அந்த முறுக்கு ரேடியேட்டரைச் சேராது. இல்லையேல் காட்டுப் பாதையின் ஒவ்வொரு பள்ளமும் அந்த மெல்லிய ஈய மடிப்பைப் பிடித்துத் திருகும். ஈயம் எவ்வளவு நாள் தாங்கும்? பற்றவைத்தவர்மேல் குற்றமில்லை. வண்டியைவிட்டுக் கழற்றிக் கொண்டுவந்த ரேடியேட்டரைத்தான் அவர் கண்டார். அது உட்கார்ந்த இடத்தை அவர் பார்க்கவேயில்லை. ஒரே இடம் இருமுறை விட்டதுமே நாம் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வாஷர் இரண்டையும் அத்தான் கையில் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது நான் போட்டதுதான்" என்றார்.

அடுத்த கேள்வி, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்பது. பட்டறைக்காரர் வாய்களை அடைத்து, காற்றைச் செலுத்தி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காட்டினார். மூடியின் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாகக் காற்று இருந்தால் போதும். அதிகமானால் நல்ல மடிப்பும் பிரிந்துவிடும். மூலையிலிருந்து வந்த குமிழி எதிர்பார்த்ததே. நடுவிலும் ஐந்தாறு இடங்களில் நூல் பிடித்தாற்போல் குமிழிகள் எழுந்தன. செம்புத் தகடுகளை நகத்தால் தொட்டேன். பச்சைத் தூளாக உதிர்ந்தன.

இதைக் கொண்டு முடிவு செய்யலாம். மடிப்பில் மட்டும் கசிவானால் பழைய ஈயத்தை முழுவதும் உருக்கி எடுத்து, பித்தளை பளபளக்கும்வரை சுத்தம் செய்து, அமிலம் தடவிப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். பழைய ஈயத்தின்மேல் புதிய ஈயத்தைக் குவிப்பது அழுக்குத் துணிக்கு ஒட்டுப்போடுவதே. வேலை முடிந்ததும் அமிலத்தைக் கழுவிவிடாவிட்டால் அதுவே அரிக்கும். ஒன்றிரண்டு குழாய்கள் போயிருந்தால் அவற்றின் இரு முனைகளையும் அடைத்துவிடலாம். குளிர்ச்சி சிறிதளவே குறையும். குழாய்கள் அடைபட்டிருந்து தகடுகள் திடமாயிருந்தால், மேல் தொட்டியை எடுத்துவிட்டுத் தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுத் தூர் வாருவார்கள். தகடே உதிர்ந்தால் இவையெல்லாம் வீண். குழாய்க்கும் தகட்டுக்கும் உள்ள தொடர்பு அற்றுப்போனபின் சூடு எப்படிக் காற்றுக்குப் போகும்?

எங்கள் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. அலுமினியத்தில் செய்த புது ரேடியேட்டர் ஒன்றைக் கடைக்காரர் காட்டினார். எடை குறைவு, குளிர்ச்சியும் குறைவில்லை. ஆனால் அதன் கழுத்துகள் எங்கள் குழாய்களுக்கு நேராக அமையவில்லை. பிணைப்பையும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய இனங்களில் தொட்டி வெடித்தால் மலைமேல் ஒருவராலும் ஒட்ட முடியாது. மற்றொரு வழி, பழைய பித்தளைத் தொட்டிகளை வைத்துக்கொண்டு நடுப்பாகத்தை மட்டும் புதிதாகப் போடுவது. பித்தளை வேலை தெரிந்தவர் பூம்பாறையிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கும்வரை, பழைய ஜீப்புக்கு இதுவே உகந்தது என்பது என் அபிப்பிராயம். பட்டணத்து வண்டிக்கு வேறு விதமாகச் சொல்வேன். பூண்டுப் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. அக்காள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொருத்தும்போது முதலில் ரப்பர் மெத்தைகள். அவற்றின்மேல் போல்ட்டை முறுக்கும்போது ரப்பர் சற்றே அமுங்கினால் போதும், நசுங்கக் கூடாது. குழாய்கள், கிளிப்புகள், மூடி யாவும் புதியவை. மூடியில் வெளியே விடும் வால்வு மட்டுமன்றி, என்ஜின் குளிரும்போது உள்ளே காற்றை விடும் சிறு வால்வும் உண்டு. அது இறுகிப்போனால் காலையில் மேல் குழாய் சப்பிக் கிடக்கும். தண்ணீரைப் பொறுத்தவரை ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் ஆகாது. காய்ச்சி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து ஊற்றினோம். அது துருவைத் தடுக்கும். கொதிநிலையையும் சில பாகை உயர்த்தும். மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து மட்டம் சட்டென்று இறங்கியதும் மறுபடி நிரப்பினோம். இதைச் செய்யாமல் மூடிவிட்டால் உள்ளே தங்கும் காற்றுக் குமிழி முதல் ஏற்றத்திலேயே முள்ளை ஏற்றிவிடும்.

காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னுமொரு எச்சரிக்கை. ஆழமான ஓடையைக் கடக்கும்போது விசிறியின் இலைகள் தண்ணீரில் அடிபட்டு முன்னே வளைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிடுவதுண்டு. ஆழம் விசிறியைத் தொடுமானால் பேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கடந்து, கரையேறியதும் மாட்டிக்கொள்வது அனுபவசாலிகளின் முறை. தகடுகளில் அப்பிய சேற்றை என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பாய்ச்சி, மெதுவாகக் கழுவ வேண்டும்.

மருமகனின் கை ஆறுவதற்கு ஆறு வாரமாயிற்று. தழும்பு இருக்கிறது, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. அவன் மீண்டும் ஜீப்பை எடுத்த அன்று, அக்காள் வண்டியின் அருகே வந்து, மூடி எது என்று என்னைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். "குக்கர் மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து இரவில் ஜீப்பின் அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைப்பது அவள் வேலையாயிற்று. விடிந்ததும் அதை எடுத்துப் பார்ப்பவளும் அவளே. ரேடியேட்டர் இருக்குமிடத்தில் இதுவரை ஒரு சொட்டும் இல்லை. ஆனால் போன வாரம் பேசியபோது, "தம்பி, தாளில் பின்பக்கமாய்க் கறுப்பாக ஒரு சொட்டு கிடக்கிறது, கையில் வழவழக்கிறது" என்றாள். அது கியர்ப் பெட்டியின் எண்ணெய் சீலாக இருக்கலாம். போய்ப் பார்த்துவிட்டு அடுத்த இதழில் எழுதுகிறேன்.